பேட்டரி இறங்கினால் கார் சாவியை மறந்துவிடுமா?

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போய் மூன்று வாரம் தங்கிவிட்டு வருகிறது ஒரு குடும்பம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கார் தூசி படிந்து நிற்கிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. பானட்டுக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி டவுன். பக்கத்து வீட்டுக்காரர் ஜம்பர் கேபிளோடு வருகிறார். அவர் வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் மீட்டர் போர்டில் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. இன்ஜினும் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அப்படியே பிடித்தாலும் இரண்டாவது நொடியில் அணைந்துவிடுகிறது. மீட்டர் போர்டின் ஓரத்தில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு ஒன்று விடாமல் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் பலரும் கேட்கும் தீர்ப்பு இது: “பேட்டரி இறங்குனதுல சாவி கோடிங் அழிஞ்சுபோச்சு சார். ஈசியு மாத்தணும்.” ஈசியு என்பது இன்ஜினை ஆளும் கணினிப் பெட்டி. அதை மாற்றுவது பெரிய செலவு. புதிய பெட்டிக்குப் பழைய சாவியைப் பழக்கித் தருவது தனிச் செலவு.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. பேட்டரி இறங்கியதால் கார் தன் சாவியை மறப்பதில்லை. அப்படியானால் அந்த விளக்கு ஏன் சிமிட்டுகிறது, இன்ஜின் ஏன் பிடிக்க மறுக்கிறது? விடை தெரிய, சாவிக்கும் காருக்கும் இடையே என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சாவியின் உலோகத் தண்டு செய்கிற வேலை பழைய வேலைதான், பூட்டைத் திருப்புகிறது. கள்ளச்சாவி போட்டும் அதைத் திருப்பலாம், பூட்டை உடைத்து ஒயர்களை நேரடியாக இணைத்தும் ஸ்டார்ட் செய்யலாம். 1990-கள் வரை கார் திருடர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். இதைத் தடுக்க வந்த மின்னணுக் காவலுக்கு இம்மொபைலைசர் என்று பெயர். தமிழில் இயக்கத்தடுப்பி எனலாம். சரியான சாவி என்று உறுதியாகும்வரை அது இன்ஜினுக்கு எரிபொருளையோ தீப்பொறியையோ விடாது. சில கார்களில் செல்ஃப் மோட்டாரையே சுற்றவிடாது. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை. சக்கரம் இன்ஜினைச் சுற்றும், ஆனால் பெட்ரோல் வராது.

தொடக்க முயற்சிகளில் ஒன்று 1986-இல் அமெரிக்காவின் கார்வெட் காரில் வந்தது. சாவித் தண்டில் ஒரு மின்தடைத் துண்டைப் பதித்திருந்தார்கள். மொத்தம் 15 அளவுகள். கார் எதிர்பார்க்கும் அளவு பொருந்தினால்தான் வண்டி கிளம்பும். பதினைந்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வரிசையாக முயன்றால் எப்படியும் ஒன்று பொருந்திவிடும். அதனால், தவறான சாவி போட்டால் சில நிமிடம் எதையும் ஏற்காமல் இருக்கும்படி அதை அமைத்தார்கள். தவறுக்குப் பின் காத்திருக்க வைக்கும் இந்த வழக்கம் இன்றும் பல கார்களில் உண்டு. அதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் 1998-இல் புதிய கார்களுக்கு இயக்கத்தடுப்பியைக் கட்டாயமாக்கியது. பலன் என்ன? நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான திருட்டுக் கணக்குகளை வான் அவர்ஸ், ஃபொலார்ட் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் கார் மாடல்வாரியாக அலசினார்கள். கார்த் திருட்டு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததற்கு இந்தச் சாதனமே காரணம் என்று கண்டார்கள். கருவி இல்லாத கார்களின் பக்கம் திருடர்கள் திரும்பியதையும் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு அது. கட்டாயச் சட்டம் இல்லாத அமெரிக்காவில் இதன் மறுபக்கம் தெரிந்தது. 2015 மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் இயக்கத்தடுப்பி இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. 2021, 2022-இல் அந்தக் கார்களைப் பதின்ம வயதுப் பையன்கள் யுஎஸ்பி கேபிளின் முனையைக் கொண்டே திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். அடிக்கடி நம்மை எரிச்சலூட்டும் அந்தச் சிமிட்டு விளக்கின் பின்னால் இருப்பது உண்மையில் வேலை செய்கிற ஒரு காவல்.

சரி, கார் சாவியை எப்படி அடையாளம் காண்கிறது?

சாவியின் கறுப்புப் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிக நீளத்தில் ஒரு துண்டு இருக்கிறது. அதற்குள் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் ஒரு சில்லும் உள்ளன. மறுமொழிச் சில்லு என்று அதைச் சொல்லலாம். அதற்குப் பேட்டரி கிடையாது. சாவியில் நாம் மாற்றுகிற வட்ட பேட்டரி, கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தானுக்கு மட்டும்.

அப்படியானால் சில்லுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? காரிலிருந்துதான். சாவித் துவாரத்தைச் சுற்றி, பிளாஸ்டிக் மூடிக்குள் இன்னொரு செப்புச் சுருள் இருக்கிறது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் கார் அந்தச் சுருளில் நொடிக்கு ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் தடவை அளவில் திசை மாறும் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. சுருளைச் சுற்றிய காந்தப்புலம் அதே வேகத்தில் ஏறி இறங்குகிறது. மாறும் காந்தப்புலத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் விதி இங்கே வேலை செய்கிறது. சாவிக்குள் இருக்கும் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது, சில்லு விழிக்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த ஒரு வகையில், முதல் 50 மில்லி நொடி சாவிக்கு மின்னூட்டம். அடுத்த 20 மில்லி நொடி சாவியின் பதில். நீங்கள் சாவியைத் திருப்பிக் கையை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ரிமோட் சாவியின் வட்ட பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்புங்கள், கார் கிளம்பும். பொத்தான் ஸ்டார்ட் கார் என்றால், பேட்டரி இல்லாத சாவியைப் பொத்தானின் மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். பல கார்களில் அந்தச் சுருள் பொத்தானுக்குப் பின்னால்தான் இருக்கிறது. (சில கார்களில் வேறிடம்; கையேட்டில் படம் இருக்கும்.) அடுத்து, சாவித் தலையில் சமையலறை அலுமினியத் தாளைப் பல சுற்றுச் சுற்றித் துவாரத்தில் போட்டுப் பாருங்கள். தண்டு பூட்டைத் திருப்பும், ஆனால் விளக்கு சிமிட்டும், இன்ஜின் பிடிக்காது. தாளில் எழும் சுழல் மின்னோட்டங்கள் காந்தப்புலத்தைச் சில்லை எட்டவிடாமல் செய்கின்றன. சாவிக்கும் காருக்கும் பேச்சு நின்றால் என்ன ஆகும் என்பதை இப்படி நாமே வரவழைத்துப் பார்க்க முடிகிறது.

அந்தப் பேச்சில் சாவி தன் ரகசிய எண்ணை அப்படியே சொல்லிவிட்டால் ஒருமுறை ஒட்டுக் கேட்டவர் போதும், நகல் எடுத்துவிடுவார். முதல் தலைமுறைச் சில்லுகள் அப்படித்தான் இருந்தன. இப்போது நடப்பது வினா–விடைச் சோதனை. இரவில் களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் இருக்கிற பெரியவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். பேரன் சோறு கொண்டுவருவான். இருட்டில் ஆள் தெரியாது. இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு ஒன்று உண்டு: தாத்தா சொல்லும் எண்ணை மூன்றால் பெருக்கி நான்கைக் கூட்டிச் சொல்ல வேண்டும். இன்று அவர் “ஏழு” என்கிறார். பேரன் “இருபத்தைந்து” என்கிறான். நாளை “பன்னிரண்டு” என்பார்; விடை “நாற்பது”. வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் இன்று கேட்ட இருபத்தைந்தை நாளைக்குச் சொன்னால் தடியடிதான் கிடைக்கும். ரகசியம் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லப்படவில்லை. அது தெரிந்தவன் என்பது மட்டும் நிரூபணமாகிறது.

காரும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணைக் கேட்கிறது. சாவி தன் ரகசியத்தை வைத்துக் கணக்கிட்டு விடை அனுப்புகிறது. காரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, பொருந்தினால் இன்ஜின் கணினிக்கு ‘விடு’ என்று சொல்கிறது. இந்தக் காவலையும் உடைத்திருக்கிறார்கள். 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தையும் சேர்ந்தவர்கள், 40 இரும இலக்க ரகசியம் கொண்ட ஒரு சில்லை எடுத்துக்கொண்டார்கள். சாத்தியமான ரகசியங்கள் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கோடி அளவு. பதினாறு சிறப்புச் சில்லுகளை இணைத்து அத்தனையையும் முயன்று, ஒரு மணி நேரத்துக்குள் ரகசியத்தைக் கண்டுபிடித்து, நகல் சாவியால் ஒரு ஃபோர்டு காரைக் கிளப்பிக் காட்டினார்கள். அதற்குப் பின் வந்த சில்லுகளில் ரகசியத்தின் நீளம் கூடியது. நமக்கு இங்கே முக்கியம் வேறொன்று: அந்த ரகசியம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று சாவிச் சில்லில், இன்னொன்று காரில். சாவிச் சில்லுக்குக் கார் பேட்டரியோடு எந்த உறவும் இல்லை. கேள்வி காரில் இருக்கிற பிரதியைப் பற்றியது. பேட்டரி முழுக்க இறங்கினால் அது அழியுமா?

அழியும் என்று ஒருவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம் பன்னிரண்டுக்குப் போகிறது, ரேடியோ நிலையங்கள் மறைகின்றன, ஜன்னல் தானாக ஏறும் வசதி வேலை செய்வதில்லை. கார் இவ்வளவையும் மறக்கும்போது சாவியை மட்டும் எப்படி நினைவில் வைத்திருக்கும்?

காரில் இரண்டு வகை நினைவகம் உண்டு. மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிற்பது ஒன்று. கடிகாரம் போன்ற, போனாலும் பாதகமில்லாத செய்திகள் அதில் இருக்கும். சாவியின் ரகசியம் இருப்பது மின்சாரம் போனாலும் நிற்கும் அழியா நினைவகத்தில். 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் முன்வைத்த மிதக்கும் வாயில் என்ற கருத்துதான் அதற்கு அடிப்படை. சிலிக்கானில் ஒரு நுண்ணிய தீவை அமைத்து, அதைச் சுற்றிலும் கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்கான் டை ஆக்சைடால் மூடிவிடுகிறார்கள். அந்தத் தீவுக்குள் எலெக்ட்ரான்களை ஏற்ற, வழக்கத்தைவிட உயர்ந்த மின்னழுத்தத்தைக் கொடுத்துத் தள்ள வேண்டும். ஏறிய எலெக்ட்ரான்களுக்கு எளிதில் வெளியே வர வழியில்லை. தீவில் எலெக்ட்ரான் இருந்தால் ஓர் இலக்கம், இல்லாவிட்டால் மற்றோர் இலக்கம். மின்சாரம் போனாலும் அவை அப்படியே கிடக்கும். பென் டிரைவைக் கணினியிலிருந்து பிடுங்கி ஆறு மாதம் மேசையில் போட்டாலும் படங்கள் அதில் இருக்கக் காரணம் இதே ஏற்பாடுதான்.

எத்தனை ஆண்டு தாங்கும்? தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டு, இருபது ஆண்டு, அதற்கும் மேல் என்று உறுதி கொடுக்கிறார்கள். யாரும் இருபது ஆண்டு உட்கார்ந்து பார்த்துச் சொன்னதில்லை. வெப்பம் கூடினால் எலெக்ட்ரான்கள் வேகமாகக் கசியும் என்பதால், சில்லுகளை 150 டிகிரிக்கும் மேலான உலைகளில் வாரக்கணக்கில் வைத்து எத்தனை இலக்கம் அழிகிறது என்று எண்ணுகிறார்கள். வெவ்வேறு வெப்பநிலைகளில் கிடைத்த கசிவு வேகங்களை வைத்து, சாதாரண வெப்பத்தில் எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்கை நம்பாதவருக்குச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வேறு சான்று இருக்கிறது. உடைத்த காரிலிருந்து கழற்றிய ஈசியு பெட்டி மாதக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் அலமாரியில் கிடக்கும். அதை வாங்கி அதே மாடல் காரில் மாட்டினால் பெரும்பாலும் வண்டி கிளம்பாது. காரணம், அந்தப் பெட்டி தன் பழைய காரை இன்னும் மறக்கவில்லை. அதைத் துடைத்து எழுத ஒரு தனித் தொழிலே நடக்கிறது. மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பெட்டி மறக்காததை, மூன்று வாரம் நின்ற கார் மறந்திருக்காது.

ஆக, கார் சாவியை மறக்கவில்லை. பிறகு ஏன் ஏற்க மறுக்கிறது? இங்கேதான் வோல்ட் கணக்குக்கு வர வேண்டும். இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பணம் வீணாவது இந்த இடத்தில்தான்.

கார் பேட்டரியில் ஆறு அறைகள். அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட் என்று முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. ஆனால் சும்மா இருக்கும்போது மீட்டர் காட்டும் வோல்ட்டை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மின்னோட்டத்தை இழுக்கும்போது எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கேள்வி. மீட்டர் போர்டு விளக்குகளும் கணினிகளும் சேர்ந்து சில ஆம்பியர் இழுக்கும். ஒரு சின்னப் பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும்; அசையத் தொடங்கும் முதல் கணத்தில் இன்னும் கூடுதலாக.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாய் உப்புப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு மின்தடையைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆம்பியர் ஓடும்போது அங்கே இழப்பு 0.03 வோல்ட். யாருக்கும் தெரியாது, விளக்குகள் பளிச்சென்று எரியும். செல்ஃப் அடிக்கும்போது 150 ஆம்பியர் ஓடும், இழப்பு 1.5 வோல்ட். அதே உப்பு, அதே டெர்மினல். இறங்கிய பேட்டரிக்கு உள்ளேயும் இதே கதைதான். தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப் போகிறது, அகமின்தடை ஏறுகிறது. மலிவான ஜம்பர் கேபிளில் தடித்த ரப்பருக்குள் மெல்லிய கம்பிதான் இருக்கும். அது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும். கடைசியில் செல்ஃப் அடிக்கும் அந்த நொடியில் காரின் கணினிகளுக்குக் கிடைப்பது ஏழு வோல்ட்டாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். ‘விளக்கெல்லாம் நன்றாக எரிகிறது, அதனால் பேட்டரி நன்றாக இருக்கிறது’ என்ற முடிவு தவறாவது இதனால்தான்.

கணினிச் சில்லுகளுக்கு முழு இருட்டைவிட அரைகுறை மின்சாரம் ஆபத்து. முழுக்க நின்றால் நின்றுவிடும், வந்தால் முதலிலிருந்து தொடங்கும். பாதியில் தள்ளாடினால் தவறாகக் கணக்குப் போட்டுவிடலாம். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கண்காணிப்புச் சுற்று இருக்கிறது. வோல்ட் ஒரு கோட்டுக்குக் கீழே போனதும் சில்லை நிறுத்தி, ஏறியதும் மறுபடி தொடங்கவைக்கும். இதை மீள்தொடக்கம் எனலாம். வடிவமைப்பாளர்களுக்கு இது தெரியாததல்ல. ஐஎஸ்ஓ 16750 என்ற பன்னாட்டுத் தரநிலையில், செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் 4.5 வோல்ட் வரை சரிவதைப் போலி செய்து பெட்டிகளைச் சோதிக்கும் நிலைகளும் இருக்கின்றன. ஆனாலும் எல்லாப் பெட்டியும் ஒரே அளவு தாங்குவதில்லை. களத்துமேட்டுத் தாத்தா கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே மயங்கிவிடுகிறார். பேரனின் விடை காற்றில் போகிறது. விழித்தெழுந்தவர் மறுபடி முதலிலிருந்து கேட்கிறார், அதற்குள் மறுபடி மயக்கம். அவருக்கு ரகசியம் மறக்கவில்லை. பேரனும் தவறாகச் சொல்லவில்லை.

இயக்கத்தடுப்பியும் இன்ஜின் கணினியும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒன்று மீண்டு எழுந்த நேரத்தில் மற்றொன்று இன்னும் எழுந்திருக்காது. ‘விடு’ என்ற செய்தி போய்ச் சேராது. அனுமதி வரும்வரை முதல் ஓரிரு நொடி ஓடவிட்டு, வராவிட்டால் எரிபொருளை நிறுத்தும்படி சில கார்களை அமைத்திருக்கிறார்கள். பிடித்தவுடன் அணைவதன் ரகசியம் அதுதான். திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்தால் கார் அதைத் திருட்டு முயற்சி என்று எடுத்துக்கொண்டு காத்திருப்புக்குப் போய்விடவும் கூடும். அப்போது பேட்டரியைச் சரிசெய்த பிறகும் சிறிது நேரம் வண்டி அசையாது. பதற்றத்தில் நாம் செய்கிற வேலை நமக்கே எதிராகிறது.

குறை எங்கே என்று பிரித்தறிய ஸ்கேனர் வேண்டியதில்லை, ஹெட்லைட் போதும். அதை எரியவிட்டு, எதிர்ச் சுவரில் ஒளியைப் பார்த்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். ஒளி மங்கிச் செத்துப்போனால் குறை பேட்டரியிலோ டெர்மினலிலோ எர்த் கம்பியிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சாவியைப் பற்றிப் பேசக்கூடாது. ஒளி சற்றும் மங்காமல், செல்ஃபும் சத்தமே இல்லாமல் இருந்தால் கட்டளை மோட்டாருக்குப் போகவில்லை. இயக்கத்தடுப்பி, ரிலே, கிளட்ச் சுவிட்ச் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றி, சாவி விளக்கும் சிமிட்டினால்தான் சாவிப் பேச்சில் குறை என்று சந்தேகிக்க வேண்டும். நன்றாகச் சுற்றுகிறது, சாவி விளக்கும் அணைந்துவிட்டது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் இயக்கத்தடுப்பியை விட்டுவிடுங்கள். எரிபொருள் பம்ப், ஃப்யூஸ் என்று தேடல் வேறு பக்கம் போக வேண்டும்.

பேட்டரிதான் குறை என்றால், ஜம்பர் கேபிளை மாட்டிய உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். உதவ வந்த காரின் இன்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். இறங்கிய பேட்டரி கொஞ்சமாவது ஏறும், செல்ஃப் அடிக்கும்போது சுமை இரண்டு பேட்டரிக்கும் பிரியும். கேபிளை மாட்டும் முன்பே டெர்மினலைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கி வைத்திருப்பது நல்லது. பிறகு சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, சாவி விளக்கு அணையும்வரை ஓரிரு நொடி காத்திருந்து, அதன் பிறகே செல்ஃப். பேச்சு முடிந்த பிறகு சுமை ஏறட்டும். விளக்கு அணையவில்லை என்றால் சாவியை வெளியே எடுத்து, வளையத்தில் தொங்கும் மற்றச் சில்லுச் சாவிகளைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். ஒரே சுருளின் அருகில் இரண்டு சில்லுகள் ஒன்றாகப் பதில் சொன்னால் காருக்கு எதுவும் புரியாது. அப்போதும் மறுத்தால் வீட்டில் வைத்திருக்கும் இரண்டாவது சாவி. அது வேலை செய்தால் குறை முதல் சாவியில், காரில் இல்லை. இரண்டும் மறுத்தால் முழுச் சார்ஜ் ஆன பேட்டரியோடு ‘ஆன்’ நிலையில் பத்து இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள். காத்திருப்புக்குப் போன கார் மீண்டுவிடலாம்.

விதிவிலக்குகளும் உண்டு. சாவியில் சில்லு இல்லாமல் பூட்டிலேயே உணரி வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பாஸ்லாக் வகைக் கார்களில், பத்து நிமிடம் வீதம் மூன்று முறை காத்திருந்து மறுபடி பழக்க வேண்டிய நிலை வரும். நம் ஊரில் அதைவிடப் பரவலானது, கார் வாங்கிய பிறகு அக்சசரீஸ் கடையில் பொருத்திய அலாரம். அவற்றில் பல, மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் பூட்டிய நிலையில்தான் விழிக்கும்; திருடன் பேட்டரியைக் கழற்றி மாட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த அலாரத்தின் ரிமோட்டால் ஒருமுறை பூட்டித் திறந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். ரிமோட் தொலைந்திருந்தால், பொருத்தியவர் ஸ்டியரிங்குக்குக் கீழே எங்காவது ஒரு மறைவுச் சுவிட்ச் வைத்திருப்பார்.

பெட்டி உண்மையிலேயே கெட்டுப்போகிற சந்தர்ப்பமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஜம்பர் கேபிளை மாற்றி மாட்டுவது ஒன்று. இன்னொன்று, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிற பழைய வழக்கம். கார்புரேட்டர் காலத்துக் கார்களில் அது தாங்கியிருக்கலாம். மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று விலகினால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் பல பத்து வோல்ட்டுக்குத் துள்ளும். 12 வோல்ட்டுக்கு அமைத்த பெட்டிகள் அதைச் சந்திக்க நேரும். இந்த வழக்கத்தை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். பேட்டரி இறங்கியதால் சாகாத ஈசியு இந்தச் சோதனையால் செத்துவிடலாம்.

நின்ற காரில் பேட்டரி ஏன் இறங்குகிறது என்ற கேள்விக்கும் இதே இயக்கத்தடுப்பியும் அலாரமும் கடிகாரமும்தான் ஒரு பகுதி பதில். பூட்டி நிற்கும்போதும் அவை விழித்திருக்கின்றன; எல்லாம் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு ஆம்பியர்-மணி. சின்னக் கார்களில் வருவது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் போய்விடும். கோடை வெப்பத்தில் பேட்டரி தானாக இழப்பதும் அதோடு சேரும். வயதான பேட்டரி என்றால் இவ்வளவுகூடத் தாங்காது. வாரம் ஒருமுறை கீழே இறங்கி இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பதில் பயனில்லை. செல்ஃப் எடுத்ததும் விளக்கும் விசிறியும் எடுப்பதுமே அந்த இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடும். அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வர வேண்டும். நீண்ட பயணம் போவதானால் நெகடிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். கடிகாரம் அழியும், சாவி அழியாது.

இனி யாராவது “கோடிங் போயிடுச்சு, ஈசியு மாத்தணும்” என்று சொன்னால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பேட்டரியில் எத்தனை வோல்ட் நிற்கிறது? மல்டிமீட்டரை மாட்டிக் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி நம் ஊர் வெப்பத்தில் அப்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. இறங்கினால், மாற்ற வேண்டியது பேட்டரி.